பஸ் ஸ்டாண்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ

1

நேற்று காலை பள்ளிச் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது மொய்ராவிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் பாட்டு நாடகம் மேடையேறி ஒரு வருடம் ஆகிவிட்டதாம். மறுபடியும் போடப் போகிறார்களாம். "ஒரு பாட்டு குறைகிறது, எஸ்தர். அதை எழுத வேண்டியவள் நீதான்" என்று எழுதியிருந்தார்.

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தேன். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். எந்தப் பாட்டைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் இருந்தே சொல்கிறேன். நான் ஏரியூர்க்காரி. கிளாஸ்கோவுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. கணவர் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் ரூத், பதினாறு வயது. ஊரில் சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பழகியதால் எனக்கு மெட்டுப் போட வரும். அது இந்த ஊரில் உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு சமுதாயக் கூடம் உண்டு. ஒரு கடுங்குளிர் காலத்தில், பாலத்தடியிலும் கடை வாசல்களிலும் படுத்திருந்தவர்களை அந்தக் கூடத்தில் தங்க வைத்தார்கள். தெருக்காரர்கள் முறை வைத்துச் சமைத்தோம். நான் ரசம் வைத்துக் கொண்டுபோனேன். தும்மிக்கொண்டே குடித்தார்கள், மறுநாளும் கேட்டார்கள். அந்தக் குளிர்காலத்தைத்தான் ஓய்வு பெற்ற இசை ஆசிரியை மொய்ரா பாட்டு நாடகமாக்கினார். நடித்தவர்களில் பாதிப் பேர் தெருக்காரர்கள், மீதிப் பேர் அன்று கூடத்தில் தூங்கியவர்கள். ரசம் கொண்டுவரும் பெண்ணாக நானே வந்தேன். எனக்கு ஒரு தமிழ்ப் பாட்டும் கொடுத்தார்கள்.

நான் முதலில் எழுதியது, வானமே கூரை, மண்ணே பாய் என்பது போல ஒரு பாட்டு. நான்கு வருடம் ரயில் பாலத்தடியில் படுத்திருந்த கெவின் அதற்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"மழை பெய்யும்போது இதைப் பாடிப் பார்" என்றார். "குளிர் கூடப் பரவாயில்லை. ஈரமான காலுறையைத்தான் தாங்க முடியாது. அதை எழுது."

அப்படித்தான் அது காலுறைப் பாட்டாக மாறியது. ஈரக் காலுறையைக் கழற்றி ரேடியேட்டரில் காய வைக்கும் ஒருவரைப் பார்த்து ரசக்காரி பாடுவாள்: "உன் கால் காயட்டும், பிறகு பேசலாம்." கடைசி வரியில் "வூடு" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வைத்தேன். பின்பாட்டுப் பாடிய ரூத் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, என்ன வுட்? மரமா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மகளுக்கு வூடு என்ற சொல் மரக்கட்டையாகக் கேட்கிறதே என்று உள்ளே ஒரு சுருக். ஆனாலும் அந்த நாட்களில் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. வீடற்றவர்களுக்காகப் பாட்டு எழுதுகிறவள் அல்லவா நான்.

2

ஒத்திகை சனிக்கிழமை மதியங்களில் நடக்கும். ஒரு நாள் மொய்ரா என்னிடம், "உங்கள் ஊரில் இது எப்படி இருக்கும்? மேடைப் பின்திரையில் காட்ட ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தமிழ்ச்செல்வி நினைவுக்கு வந்தாள். கல்லூரியில் என்னோடு படித்தவள், தருமபுரியில் நர்ஸாக இருக்கிறாள். என் குடும்பத்தில் யாரையும் பார்த்ததில்லை. அவளிடம், "டூட்டி முடிஞ்சு போறப்ப பஸ் ஸ்டாண்ட கொஞ்சம் வீடியோ எடுத்து அனுப்புடி" என்றேன். அங்கே இருப்பவர்களிடம் கேட்டு எடு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதை இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டு நிமிட வீடியோ வந்தது. நான் முன்னதாகப் பார்க்கவில்லை. கூடத்தின் வெள்ளைத் திரையில் நேராகப் போட்டோம். இருபத்தைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள்.

பஸ் ஒன்று பின்னால் எடுத்துத் திரும்பியது. பூக்காரம்மா ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கேமரா தூண் பக்கம் வந்தது. தூணில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாடி மார்பு வரை. காக்கிச் சட்டையில் பொத்தான்கள் இல்லை. கிழவி ஒருத்தி அவரிடம் எதையோ கேட்க, அவர் எழுந்து, வலது கையை உயர்த்தி, நடு விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு பஸ்ஸைக் காட்டினார்.

என் குடும்பத்தில் ஒருவர்தான் அப்படிக் காட்டுவார். லாரி ஓட்டும்போது ஜன்னல் வழியாக இடப்பக்கம் திரும்பச் சைகை காட்டிக் காட்டிப் பழகிய கை. என் அண்ணன் ஸ்டீபன்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நிறுத்துங்க" என்று தமிழில் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. வீடியோ முடிந்து முதலிலிருந்து மறுபடி ஓடியது. பஸ் திரும்பியது, பூக்காரம்மா தண்ணீர் தெளித்தார், அண்ணன் எழுந்து கை காட்டினார். மொய்ரா, "அற்புதமான முகம்" என்றார். ரூத் அந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். அவளுக்குத் தன் மாமாவைத் தெரியவில்லை. ஒன்பது வயதில் கடைசியாகப் பார்த்தவள்.

கெவின்தான் என் பக்கத்தில் வந்து குனிந்து, "அவரை உனக்குத் தெரியும்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

3

ஸ்டீபன் அண்ணனின் லாரி தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் மோதியது ஒன்பது வருடங்களுக்கு முன். பைக்கில் போன கணவனும் மனைவியும் அங்கேயே இறந்துபோனார்கள். வண்டியில்தான் கோளாறு என்று வழக்கு முடிந்தது. ஆனால் அண்ணன் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கில் கை வைக்கவில்லை. அண்ணி தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் ஏரியூரில் அப்பாவோடும் தம்பி ஜோசப்போடும் இருந்தார். அப்பா இறந்தபோது நான் போயிருந்தேன். அண்ணன் அதிகம் பேசவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, "அண்ணன் ஓசூர்ல ஒரு கம்பெனில வாட்ச்மேனா சேந்துட்டாருக்கா" என்று ஜோசப் சொன்னான். "போன் வச்சுக்க மாட்டேங்கறாரு." நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது. அதன் பிறகு ஆறு வருடமாக நான் ஊருக்கே போகவில்லை. முதலில் கொரோனா, பிறகு ரூத்தின் தேர்வுகள், பிறகு ஏதோ ஒன்று.

ஒத்திகையிலிருந்து வெளியே வந்து, கூடத்துப் படியில் நின்று ஜோசப்புக்குப் போன் செய்தேன்.

"ஸ்டீபன் அண்ணன் எங்கடா?"

"ஓசூர்லதான்க்கா."

"தருமபுரி பஸ் ஸ்டாண்ட்ல தூண்ல சாஞ்சு உக்காந்திருக்காரு. இப்பதான் பாத்தன்."

பின்னால் ஓடிய டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"அக்கா, தூக்கத்துல கத்துவாரு. எம் பொண்டாட்டி புள்ளைங்க பயந்துக்கிச்சுங்க. ஒரு நாள் அவரே எழுந்து போயிட்டாரு. மூணு தடவ போயி கூப்ட்டன். வர மாட்டன்னுட்டாரு. அதுக்கு மேல எனக்கும் வெக்கமா போச்சு."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? பணம் அனுப்பியிருப்ப. அவ்ளோதான?"

அதைத்தான் செய்திருப்பேன்.

அதைவிடப் பெரிய அடி அடுத்த வாக்கியத்தில் இருந்தது. "அப்பா வூட்ட வித்தப்ப நீயும்தானக்கா கையெழுத்துப் போட்ட" என்றான்.

போட்டேன். எடின்பரோவில் இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்துப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தெருவில் ஸ்டுடியோ தேடி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, மறுபடி படம் எடுத்து, மறுபடி வரிசையில் நின்றேன். அந்தக் காதைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட பவர் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது, அந்த வீட்டில் அப்போது யார் தூங்கிக்கொண்டிருந்தார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

4

மேடையேற மூன்று வாரம் இருந்தது. மொய்ரா உடனே, "போ" என்றார். ரூத்துக்குத்தான் கோபம். "அவர் அங்கே வருஷக்கணக்காக இருக்கிறார். மூன்று வாரம் பொறுக்க முடியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அவளை அடிக்கப் போனேன். கை பாதியில் நின்றது. அவள் கேட்டதில் முதல் பாதி உண்மை.

கெவின் மட்டும் ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். "முதல் நாளே கூட்டிக்கொண்டு போகப் பார்க்காதே. பக்கத்தில் உட்கார். அவ்வளவுதான்."

நான் அதைக் கேட்கவில்லை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். தூணடியில் அண்ணன் இல்லை. ஒரு சாக்குப் பையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன. கட்டணக் கழிப்பிடத்தின் வாசலில் மேசை போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் பழனியம்மா என்று பிறகு தெரிந்தது. அவரிடம் விசாரித்தேன்.

"டிரைவரண்ணனா? உள்ள குளிச்சிட்டிருக்காருங்க. தினம் இந்நேரத்துக்கு ஒரு பக்கெட் தண்ணி புடிச்சு வச்சிருவன். நீங்க யாருங்க அவருக்கு?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அந்தச் சொல் எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஐயாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்து, தங்கச்சி என்று சொல்ல நாக்கு வரவில்லை.

பழனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவருக்கு யாரும் இல்லைங்களாம். எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொன்னாரு. நல்ல மனுசங்க. படிக்கத் தெரியாத சனங்களுக்கு எந்த பஸ்ஸுன்னு காட்டி விடுவாரு. டீக்கடைல காலைல டீ குடுத்துருவாங்க. மதியம் நான் கொண்டாற களில பாதி. போன வருசம் காச்சல்ல கெடந்தப்ப பூக்காரம்மாதான் ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போச்சு."

கிளாஸ்கோவில் எங்கள் தெருவில் முப்பது பேர் சேர்ந்து, குழு போட்டு, அட்டவணை போட்டு, ஒரு குளிர்காலம் செய்ததை இந்த மூன்று பேர் நாலைந்து வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் இவர்களைப் பற்றிப் பாட்டு எழுதவில்லை.

அண்ணன் ஈரத் தலையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். அழுவார், ஓடிவிடுவார், திட்டுவார் என்று விமானத்தில் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருந்தேன்.

"எஸ்தரா? எப்ப வந்த? சாப்ட்டியா?" என்றார். சந்தையில் பார்த்தவர் போல.

5

கெவின் சொன்னதை மறந்து, "வாண்ணா போலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "எங்க?" என்று கேட்டார். நான் யோசித்திருக்கவில்லை. ஏரியூர் வீடு இல்லை. ஜோசப் வீட்டுக்கு வரமாட்டார். தமிழ்ச்செல்வி இருப்பது நர்ஸ் குடியிருப்பில், ஆண்களுக்கு அனுமதி கிடையாது. எதிரே ஒரு லாட்ஜ் தெரிந்தது.

மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்களது ஃபாரின் பாஸ்போர்ட்டுங்க. அதுக்குத் தனியா ஆன்லைன்ல ஃபாரம் ஏத்தணும். எங்களுக்கு அந்த வசதி இல்லைங்க."

"இவரு பேர்ல போடுங்க."

"இவருக்கு ஆதார் இருக்குங்களா?"

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். வீடு கைமாறியபோது அவருடைய காகிதமெல்லாம் எங்கோ போய்விட்டன.

"நான் இந்த ஊருக்காரிங்க. ஏரியூர்."

"பேச்சுலயே தெரியுதுங்க மேடம். பேப்பர்ல தெரியணுமில்லைங்க."

வெளியே வந்து லாட்ஜ் படியில் இருவரும் உட்கார்ந்தோம். என் சொந்த ஜில்லாத் தலைநகரில், பையில் பாஸ்போர்ட்டும் கார்டும் இருக்க, படுக்க ஓர் அறை எடுக்க எனக்கு முடியவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கும் இல்லையா?" என்றார். பிறகு சிரித்தார். பல வருடங்களுக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, புரையேறிவிட்டது. அவர்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

6

அடுத்த நாளிலிருந்து கெவின் சொன்னபடி வெறுமனே உட்கார்ந்தேன். காலையில் தமிழ்ச்செல்வி அறையிலிருந்து வருவேன், பொழுது சாயும் வரை தூணடியில் இருப்பேன். பழனியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கே தெரியும்ங்க. மூக்கு ஒரே மாதிரி இருக்குது" என்றார்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் வீட்டை ஒட்டி ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. "அவரு வரன்னு சொன்னா வரட்டும்ங்க. நீங்க இழுத்துக்கினு வராதீங்க" என்றார். அண்ணன் சம்மதிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. முதல் நாள் கதவைத் திறந்து வைத்தே படுத்தாராம்.

தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கத்தில் கத்துவது குறையும், பொறுமையாக இருங்கள் என்றார். பிறகு ஆதாருக்குப் போனோம். முகவரிக்குச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துப் போடுகிறவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மூன்றாவது முறை போனபோது பழனியம்மாவும் வந்தார், தன் வீட்டு முகவரியைக் கொடுக்க.

"நீங்க இவருக்கு என்ன உறவும்மா?" என்று கணினியில் இருந்த பெண் கேட்டார்.

"அண்ணன்."

"யாருக்கு அண்ணன்?"

"எனக்குத்தான்" என்றார் பழனியம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரே வயிற்றில் பிறந்தவள். என் பெயரைக் கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை. இருந்திருந்தாலும், அதில் எழுத எனக்குக் கை வந்திருக்காது.

மேடையேற்றத்துக்கு நான் திரும்பவில்லை. என் இடத்தில் ரூத் பாடினாள். அவர்களுக்கு மதியக் காட்சி, எங்களுக்குப் பொழுது சாய்ந்த நேரம். டீக்கடைப் பெஞ்சில் நானும் அண்ணனும் பழனியம்மாவும் என் போனில் பார்த்தோம். படம் விட்டுவிட்டு வந்தது. தலையில் முந்தானை போட்டுக்கொண்டு, கையில் ரசச் சட்டியோடு என் மகள் வந்தாள். பின்திரையில் அந்த வீடியோ இல்லை. எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். "உன் கால் காயட்டும், பிறகு பேசலாம்" என்று தப்புத் தப்பான உச்சரிப்பில், ஆனால் சுருதி பிசகாமல் பாடினாள்.

"யாரு இது?" என்றார் அண்ணன்.

"ரூத்துண்ணா. உன் மருமக."

போனை வாங்கி முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகும் திருப்பித் தரவில்லை.

7

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ரூத் அவளாகவே மாமாவுக்குப் போன் செய்கிறாள். நான் சொல்லி அல்ல. இவள் தமிழ் பாதியில் நின்றுவிடும், அவர் ஆங்கிலம் கிளட்ச், கியர், டயர் என்பதோடு தீர்ந்துவிடும். இருந்தும் அரை மணி நேரம் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் ஒட்டுக் கேட்பதில்லை. ஜோசப்பும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இருவரும் டீ குடித்தார்களாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அண்ணன் அறையில் தூங்குகிறார். ஆனால் பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டில்தான். அதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

மொய்ராவின் செய்தியைப் பையில் வைத்துக்கொண்டே நேற்று வேலை முடித்தேன். வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். கேட்காமல் வீடியோ எடுக்க வைத்தவள், இந்த முறையாவது கேட்க வேண்டும்.

"அண்ணா, நாடகத்துல உன்னப் பத்தி ஒரு பாட்டு எழுதச் சொல்றாங்க. எழுதட்டுமா? நீ வேணாம்னா வேணாம்."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அது போகும் வரை பொறுத்தார்.

"எழுது. ஆனா என்னைய வச்சு ஆரம்பிக்காத."

"வேற யார வச்சு?"

"கோவிந்தன். சரசு."

எனக்குப் புரியவில்லை. யார் அவர்கள் என்று கேட்டேன்.

"தொப்பூர்ல. பைக்குல."

ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் அதற்கு 'அந்த ஆக்சிடென்ட்' என்றுதான் பெயர். உன் தப்பு இல்லை, உன் தப்பு இல்லை என்று அப்பா சொன்னார், அண்ணி சொன்னார், நான் இங்கிருந்து போனில் சொன்னேன். இறந்தவர்கள் யார் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அண்ணன் மட்டும் அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார். பதினாறாம் நாள் காரியத்தன்று வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறார்.

"ரெண்டு புள்ளைங்க நின்னுச்சுங்க, எஸ்தர். பெரிசு பொண்ணு, சின்னது பையன். கொஞ்ச நாள் கழிச்சுப் போனன். வூடு பூட்டிக் கெடந்துச்சு. யாரோ சொந்தக்காரங்க இட்டுக்கினு போயிட்டாங்களாம். எந்த ஊருன்னு தெரியல. எங்க போனாலும் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நாளு வந்துதான தீரணும்? அதான் நின்னன்."

இத்தனை நாள் அவர் கிழவிகளுக்குப் பஸ் காட்டிக்கொண்டிருந்தார் என்று நினைத்தோம். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க வூடு போனது பெரிசில்ல. அதுங்க வூடு போச்சு பாரு, அத எழுது மொதல்ல" என்றார்.

மொய்ராவுக்கு இன்னும் பதில் போடவில்லை. பள்ளி விடுமுறைக்கு நானும் ரூத்தும் ஊருக்கு வருகிறோம். தமிழ்ச்செல்வி அந்தக் கிராமத்தில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் கிடைப்பார்களா, கிடைத்தால் எங்களைப் பார்க்க ஒப்புவார்களா, எதுவும் தெரியாது. ஒப்பாவிட்டால் அதுவும் அவர்கள் உரிமை. எப்படியிருந்தாலும் விபத்து நடந்த தொப்பூர் இறக்கத்துக்கு அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விபத்துக்குப் பிறகு அவர் அந்தச் சாலைப் பக்கமே போனதில்லை.

பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றேன். சரி என்றார். டிரைவர் பிரேக் மிதிக்கும் கால் தெரியாத சீட்டாகப் பார்த்து என்னை உட்கார வை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.